ரேடியோ செட்டைச் சுமந்தவர்களின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றியும் திருவரங்கத்திலும் குடியிருக்கும், ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் கடந்துபோகும் முதல் உலகப் போர் நினைவுச்சின்னத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நின்று படித்தவர்கள் குறைவாகத்தான் இருக்கும். இந்த ஊரிலிருந்து 302 பேர் 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. எண்ணிக்கையைச் சொல்லும் கல் பெயர்களைச் சொல்வதில்லை. அந்த 302 பேரில் துப்பாக்கி பிடித்தவர் எத்தனை பேர், கோவேறு கழுதை ஓட்டியவர் எத்தனை பேர், டெலிபோன் கம்பி இழுத்தவர் எத்தனை பேர் என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. இன்னும் நூறு வருடம் கழித்து உங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இதே கதி வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல்.

திருச்சிக்காரர்களுக்குப் போர் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் மேஜர் சரவணன். பிகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் அதிகாரி. கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று வீரமரணம் அடைந்தார். வீர் சக்ரா விருது பெற்றார். ஊரில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. காயம்பட்ட பிறகு திரும்பி வரும்படி கமாண்டிங் ஆபீசர் வயர்லெஸ்ஸில் சொன்னதையும் அவர் மறுத்துவிட்டு முன்னேறியதையும் இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு பனிமலையிலிருந்து கீழே வந்தது ஒரு ரேடியோ செட்டின் வழியாக. அந்த செட்டுக்கு பேட்டரி போட்டுக் கொடுத்தவர், அலைவரிசை பிடித்து வைத்தவர், மறுமுனையில் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்று பலர் உழைக்காமல் அப்படி ஒரு பேச்சு நடந்திருக்க முடியாது. வீரனின் வார்த்தையைக் கேட்கிறவர்கள் அதைக் கொண்டுவந்து சேர்த்தவனை நினைப்பது அபூர்வம். ஊர் நினைக்காமல் போகலாம், வீட்டுக்காரர்கள் மறந்துவிடலாமா?

பல வீடுகளில் "தாத்தா மிலிட்டரில ஆபரேட்டரா இருந்தாரு" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த ஆபரேட்டர் என்ன செய்தார்? தரைப்படையில் ஒரு டிவிஷனுக்கு ஒரு சிக்னல் ரெஜிமென்ட் உண்டு, ஒவ்வொரு பிரிகேடுக்கும் ஒரு சிக்னல் கம்பெனி உண்டு. பிரிகேடியர் எங்கே கூடாரம் அடிக்கிறாரோ அங்கே அந்தக் கம்பெனியும் அடிக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ரேடியோ செட்டுகள், செய்தியைச் சங்கேத மொழிக்கு மாற்றும் சைபர் வேலை, கம்பி இழுக்கும் லைன் பார்ட்டி, மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டு பறக்கும் டிஸ்பாட்ச் ரைடர் எல்லாம் அதற்குள் அடக்கம். மூவாயிரம் பேர் கொண்ட ஒரு பிரிகேடின் காதும் வாயும் அந்தச் சில நூறு பேர்தான்.

இதில் லைன்மேனின் வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கேபிள் சுற்றிய உருளையை ஒருவர் முதுகில் சுமந்தோ, இருவர் நடுவே கம்பு கொடுத்துத் தூக்கியோ நடப்பார்கள். கம்பி அவிழ்ந்துகொண்டே வரும். பின்னால் வருகிறவர் அதைத் தரையில் அப்படியே விட்டுவிட மாட்டார். லாரிச் சக்கரமும் கழுதைக் குளம்பும் படாமல் பாதையோரமாக ஒதுக்க வேண்டும், மரக்கிளையில் கட்ட வேண்டும், ரோட்டைக் கடக்கும் இடத்தில் புதைக்கவோ உயரத் தூக்கவோ வேண்டும். இது எந்த லைன் என்று தெரிய இடையிடையே சீட்டு கட்ட வேண்டும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை கையோடு கொண்டுபோகும் போனை மாட்டி, பின்னால் இருக்கும் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு ஷெல் விழும். எக்ஸ்சேஞ்சில் ஒரு பிளக்குக்கு உயிர் போய்விடும். காலாட்படைக்காரர் பதுங்குகுழிக்குள் இறங்கும் அந்த நேரத்தில்தான் லைன்மேன் இரண்டு பேர் வெளியே கிளம்புவார்கள். இருட்டில் டார்ச் அடிக்க முடியாது. கம்பியை உள்ளங்கைக்குள் ஓடவிட்டுக்கொண்டே நடப்பார்கள். ஓர் இடத்தில் கை வெறுமையாகும். அறுந்த மறுமுனை பல கஜத்துக்கு அப்பால் எங்கோ தூக்கி எறியப்பட்டிருக்கும், மண்டியிட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். மேல் உறையைச் சீவி, இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, முறுக்கி, டேப் சுற்றி, போனை மாட்டி முதலில் பின்பக்கம் கூப்பிடுவார்கள், அடுத்து முன்பக்கம். இரண்டு பக்கமும் குரல் வந்தால் திரும்பலாம். ஒரு பக்கம் வராவிட்டால் இன்னும் ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பாதி வழி திரும்புவதற்குள் அடுத்த ஷெல் அதே கம்பியை அறுக்கவும் செய்யும். விடியும்வரை இதே வேலையாக நடந்த இரவுகள் உண்டு. இதற்கெல்லாம் எந்தப் படத்திலும் பாட்டு கிடையாது.

முதல் உலகப் போரின் அகழிச் சண்டையில் இந்த வேலையால் செத்தவர்கள் அதிகமானதால் ஏணிக்கம்பி என்ற முறை வந்தது. இரண்டு கம்பிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இழுத்து, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்கே இணைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் பேச்சு இன்னொரு பக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும். அடுத்து இன்னொரு தலைவலி முளைத்தது. ஒற்றைக் கம்பி போட்டு, திரும்பும் மின்சாரத்துக்குத் தரையையே பயன்படுத்தியதால், எதிரி தன் அகழியிலிருந்தே மண்ணுக்குள் கம்பி நட்டு ஒட்டுக்கேட்டான். தாக்குதல் நேரம்கூட அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. 1915இல் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் கேப்டன் ஒட்டுக்கேட்க முடியாத ஒரு கருவியைச் செய்தார். ஃபுல்லர்போன் என்ற பெயரில் அது இரண்டாம் உலகப் போர் வரைக்கும் ஓடியது. பழைய டிரங்குப் பெட்டியில் பயிற்சிக் குறிப்பேடு ஏதாவது கிடைத்து, அதில் இந்தப் பெயரைப் பார்த்தால் புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

சிக்னல்ஸ் பிரிவின் பிறந்த நாள் 1911 பிப்ரவரி 15. இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள ஃபதேகரில் 31, 32 என்று எண்ணிட்ட இரண்டு டிவிஷனல் சிக்னல் கம்பெனிகள் அன்றைக்கு உருவாயின. லெப்டினன்ட் கர்னல் பவல் என்ற பொறியாளர் படை அதிகாரி அவற்றை எழுப்பினார். அதற்கு முன் செய்தித்தொடர்பு வேலை சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் எனப்படும் பொறியாளர் படையிடம் இருந்தது. பிரிவு பிறந்து மூன்றரை வருடத்தில் உலகப் போர் வந்துவிட்டது.

அந்தப் போரை நம் ஜனங்கள் இன்றும் மறக்காமல் வைத்திருப்பது எம்டன் கப்பலால். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் அது. அதன் முடிவு எப்படி வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே வருடம் நவம்பர் 9 காலையில், இந்துமாக்கடலில் கோக்கோஸ் தீவுக் கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் வந்தது. வித்தியாசமான கப்பல் ஒன்று நுழைகிறது என்று நிலையத்துக்காரர்கள் வயர்லெஸ்ஸில் தட்டிவிட்டார்கள். ஜெர்மானியர் கரையிறங்கிக் கம்பத்தைச் சாய்த்தார்கள், கேபிளை வெட்டினார்கள். ஆனால் சேதி போய்விட்டிருந்தது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த கப்பல் அணியிலிருந்து சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் பிரிந்து வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. துப்பாக்கி தூக்காத ஒரு ஆபரேட்டரின் சில நிமிட வேலை, இந்துமாக்கடலின் கப்பல் போக்குவரத்தை மீட்டுக் கொடுத்தது. சென்னை குண்டு வாங்கிய கதையைப் பாடத்தில் சொல்லும் ஆசிரியர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் கணக்கே வேறு. இரண்டு லட்சம் பேர் கொண்டிருந்த இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. பஞ்சாபுக்கு அடுத்தபடி அதிகம் ஆள் கொடுத்தது சென்னை மாகாணம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்த பையன்கள் இங்கே கிடைத்ததால், பொறியாளர் படை, சிக்னல்ஸ், பழுதுபார்ப்பு போன்ற தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு அவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். திருச்சி அப்போது தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மோர்ஸ் தட்டத் தெரிந்த ஆட்கள் இருந்த ஊர். தந்திச் சத்தம் காதுக்குப் புதிதில்லாத இளைஞர்கள் இங்கே நிறைய.

பயிற்சி ஜபல்பூரில். இந்தப் பெயரை உங்கள் வீட்டில் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். இன்றுவரை சிக்னல்ஸ்காரர்களுக்குத் தாய்வீடு அது. குறுகிய ஒலிக்கு 'டிட்', நீண்ட ஒலிக்கு 'டா' என்று காதாலேயே எழுத்துகளைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். புள்ளியும் கோடுமாகக் கண்ணில் பார்த்து மனப்பாடம் செய்தவன் வேகம் கூடும்போது திணறிவிடுவான். காதில் ஏற்றியவன் தூக்கத்திலும் எழுதுவான். நாள்கணக்கில் ஒரே ரேடியோ வலையில் வேலை செய்யும் ஆபரேட்டர்களுக்கு மறுமுனையில் இருப்பவனின் கை தெரிந்துவிடும். ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு நடை உண்டு. முகம் பார்க்காத, பெயர்கூடத் தெரியாத ஒருவனை, அவன் விரல் தட்டும் நடையை வைத்தே இன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடும் அளவுக்குப் பழக்கம். ஒருநாள் அந்தக் கை வராமல் வேறொரு கை வந்தால் என்ன நடந்தது என்று கேட்கவும் முடியாது. போர்க்காலத்தில் வலையில் வீண் பேச்சு கூடாது.

1942இல் இந்தப் பிரிவின் பிறந்த நாள் பெரும் துயரத்தோடு விடிந்தது. பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ந்த நாள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 40,000 இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். சேராதவர்களில் பலரை நியூகினித் தீவு வரைக்கும் கூலிவேலைக்கு ஏற்றிப்போனார்கள். ஒரே கம்பெனியில் ஒரே செட்டை மாறி மாறி இயக்கியவர்கள் இருவேறு பாதையில் போன காலம் அது. உங்கள் குடும்பத்தில் ஐ.என்.ஏ.வுக்குப் போனவர் இருந்தாலும் சரி, முகாமில் பட்டினி கிடந்து திரும்பியவர் இருந்தாலும் சரி, அதை எழுதி வைப்பதில் கூச்சமே வேண்டாம். எந்தப் பக்கம் போனார் என்று இன்றைய நியாயத்தை வைத்து அவருக்குத் தீர்ப்புச் சொல்ல இந்தத் தலைமுறைக்கு உரிமை இல்லை. இருபது வயதில், கடலுக்கு அப்பால், தளபதிகள் சரணடைந்துவிட்ட ஒரு நாளில் அவர்கள் அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து இம்பாலும் கோஹிமாவும். 1944 மார்ச் இறுதியில் இரண்டு ஊர்களையும் இணைத்த சாலையை ஜப்பானியர் துண்டித்தார்கள். ஜூன் 22 வரை அது திறக்கவில்லை. இம்பால் சமவெளிக்குள் இருந்த படைக்கு அரிசியும் தோட்டாவும் ஆகாயத்திலிருந்துதான் வந்தன. எங்கே எதைப் போட வேண்டும் என்று விமானங்களுக்குச் சொன்னது வயர்லெஸ். சாலை இல்லாமல் மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடிந்தது. வயர்லெஸ் இல்லாமல் ஒரு வாரம்கூட முடிந்திருக்காது.

சிக்னல்காரர்களை ஏன் எப்போதும் மலை உச்சிக்கு அனுப்பினார்கள் என்று கேட்கும் பேரப்பிள்ளைகளை உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். 83 மீட்டர் உயரப் பாறை. கீழே சின்னக்கடைத் தெருவில் நின்றால் எதிர்வீட்டு மாடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. மேலே ஏறினால் காவிரி, அதற்கப்பால் திருவரங்கத்து ராஜகோபுரம், இந்தப் பக்கம் பொன்மலை என்று எல்லாம் கண்முன். குறைந்த சக்தியுள்ள ரேடியோ செட்டுக்கும் இதே நியாயம்தான். அதிலும் அதிர்வெண் கூடக் கூட அலை நேர்கோட்டில்தான் போகும், நடுவில் மலை நின்றால் விழுந்துவிடும். ஆகவே ஏரியலை உச்சியில்தான் நட வேண்டும். சூரிய ஒளியைக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கவைத்துச் சேதி அனுப்பிய ஹீலியோகிராஃப் காலத்திலிருந்தே இதுதான் நிலை. எதிரிக்கும் இது தெரியும். உச்சியில் ஏரியல் தெரிந்தால் அவன் பீரங்கி முதலில் அங்கேதான் திரும்பும்.

கம்பியும் அலையும் இல்லாமல் போனால் ஒரு படைக்கு என்ன ஆகும் என்பதற்கு 1962 அக்டோபர் 20ஐ விட வேறு சாட்சி தேவையில்லை. அருணாசலத்தின் மேற்கு மூலையில் நம்கா சூ என்ற மலையாறு. அதன் கரையோரமாக பிரிகேடியர் ஜான் தால்வியின் 7வது பிரிகேடை நீளமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். சாலை கிடையாது. உணவும் தோட்டாவும் சாங்தர் என்ற இடத்தில் விமானத்திலிருந்து போட்டு, அங்கிருந்து முதுகில் சுமந்து இறக்க வேண்டும். ரேடியோவுக்கான பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும் எஞ்சினுக்கும் அதே வழிதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். ஒரு போஸ்டிலிருந்து இன்னொரு போஸ்டுக்குப் போக மணிக்கணக்கில் நடக்க வேண்டிய அந்தப் பள்ளத்தாக்கில் மெல்லிய கம்பி ஒன்றுதான் பட்டாலியன்களைக் கட்டி வைத்திருந்தது. விடியற்காலைச் சீனத் தாக்குதலில் கம்பிகள் போயின. பட்டாலியன்கள் ஒன்றுக்கொன்று என்ன ஆனது என்று தெரியாமல் தனித்தனியாகச் சண்டை போட்டு அழிந்தன. தால்வி இரண்டு நாள் கழித்துச் சிறைப்பட்டார்.

அந்தக் காலையில் அங்கே இருந்த ஒருவரின் கதை தமிழ்நாட்டு மண்ணில் வந்து முடிகிறது. 4வது டிவிஷனின் சிக்னல் ரெஜிமென்ட்டுக்குத் தலைமை ஏற்றிருந்த லெப்டினன்ட் கர்னல் கே.கே. திவாரி. அவர் பின்னால் டிவிஷன் தலைமையகத்திலேயே இருந்திருக்கலாம், ஆனால் பிரிகேடின் தொடர்பு எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க முன்வரிசைக்குப் போனார். இரவு கோர்க்காப் பட்டாலியனோடு தங்கினார். விடிந்ததும் குண்டுமழை. அவரும் சீனர் கையில் சிக்கினார். அதே காலையில் சாங்தர் நோக்கிப் பறந்த ஹெலிகாப்டரில் அவருடைய ரெஜிமென்ட்டைச் சேர்ந்த மேஜர் ராம் சிங் இருந்தார். விமானி ஸ்குவாட்ரன் லீடர் வினோத் சேகல். இருவரும் திரும்பவில்லை.

திவாரி மாதக்கணக்கில் திபெத்தில் போர்க்கைதியாக இருந்து 1963இல் நாடு திரும்பினார். உடைந்துபோய் ஒதுங்கிவிடவில்லை. 1971 போரில் கிழக்கு ராணுவக் கமாண்டின் தலைமை சிக்னல் அதிகாரி அவர்தான். ஒன்பது வருடத்துக்கு முன் கம்பி அறுந்து கண்முன்னே ஒரு பிரிகேட் அழிந்ததைப் பார்த்தவர், வங்கதேசப் போரில் ஆறும் சேறுமான நிலத்தில் பல முனைகளில் பாய்ந்த படைகளைத் தொடர்பு அறாமல் பிடித்து வைக்கும் பொறுப்பை ஏற்றார். பதின்மூன்று நாளில் போர் முடிந்தது. இப்படி ஒரு திருப்பம் எந்தப் படைத்தளபதிக்கும் எளிதில் வாய்க்காது. இவருக்கு வாய்த்தது, இவர் அதை வீணாக்கவில்லை. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற பிறகு ஆரோவில்லில் வாழ்ந்தார். தன் வாழ்க்கையைத் தானே எழுதியும் வைத்தார். நம்கா சூவில் சிக்னல்காரர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது இன்றைக்கு நமக்குத் தெரிகிறதென்றால், அவர் பேனா எடுத்ததும் ஒரு காரணம்.

அந்த 1971 போரிலேயே இன்னொரு சம்பவம். டிசம்பர் 14 காலையில் டாக்காவில் கவர்னர் மாளிகையில் முக்கியக் கூட்டம் நடக்கப்போவதை எதிரியின் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்ட நம் சிக்னல்காரர்கள் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் இந்திய விமானங்கள் அந்த மாளிகையின் மீது ராக்கெட் வீசின. கவர்னர் மாலிக் அங்கேயே ராஜினாமா எழுதினார். இரண்டு நாளில் சரணாகதி. ஹெட்போனைக் கழற்றாமல் பல இரவு விழித்திருந்தவர்களின் வெற்றி அது.

திருவரங்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு கண்ணியும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவத்துக்கு வேண்டிய வயர்லெஸ் செட்டுகளை உள்நாட்டிலேயே செய்யத்தான் 1954இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொடங்கியது. சிக்னல்ஸ் பிரிவின் முதல் இந்திய அதிகாரியும் பின்னாளில் அதன் தலைவருமான குடகுக்காரர் ஏ.சி. ஐயப்பா, ஓய்வுக்குப் பின் அந்த நிறுவனத்தை நிர்வகித்தார். திருவரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா பொறியாளராக வருடக்கணக்கில் வேலை பார்த்ததும் அதே நிறுவனத்தில்தான். கீழச்சித்திரை வீதிப் பையன்களின் கிரிக்கெட்டையெல்லாம் எழுத்தில் நிறுத்தி வைக்க அவர் இருந்தார். அதே வீதிகளிலிருந்து படைக்குப் போனவர்களுக்கு எழுத ஆள் வேண்டாமா?

சிக்னல்காரர் தானாகச் சொல்லமாட்டார். இதை வீட்டார் புரிந்துகொள்ள வேண்டும். அவருடைய தொழிலே அடுத்தவர் பேச்சைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கேட்டதை வெளியே விடக் கூடாது என்று பதினெட்டு வயதில் பழக்கியிருக்கிறார்கள். சைபர் வேலை பார்த்தவர்கள் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை. வாயைத் திறந்தாலும் "நான் என்னத்த பெருசா செஞ்சேன், போன் அடிச்சா எடுத்தேன்" என்பார்கள். எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா என்று பிள்ளைகள் கேட்டதும் அவர் முகம் வாடிப்போவதை நீங்களே பார்த்திருக்கலாம். அவரிடம் அப்படிச் சொல்ல ஒன்றும் இருக்காது.

வேறு மாதிரி கேளுங்கள். எந்த செட், எத்தனை கிலோ, யார் சுமந்தது? கம்பி போட்ட நீளமான லைன் எது? மறுமுனையில் இருந்தவர் எந்த ஊர், போர் முடிந்து எப்போதாவது சந்தித்தீர்களா? ரேடியோ பேசக் கூடாது என்று வாய்ப்பூட்டு போட்ட நாட்களில் என்ன செய்தீர்கள்? சார்ஜிங் எஞ்சின் சத்தத்தை எப்படி மறைத்தீர்கள்? மோர்ஸில் உங்கள் பெயரைத் தட்டிக் காட்டுங்கள் என்று ஒரு டம்ளரையும் கரண்டியையும் கையில் கொடுங்கள். எண்பது வயதுக் கை தடுமாறாமல் தட்டும். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2013 ஜூலையோடு நாட்டில் தந்தியும் நின்றுவிட்டது. காதாலேயே மோர்ஸ் எழுதும் தலைமுறை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது.

அவர் இல்லையென்றால் மனைவியைக் கேளுங்கள். 1971 டிசம்பரில் தபால் வராத வாரங்களை எப்படிக் கடந்தார்கள் என்பதும் அந்தச் சேவையின் பகுதிதான். பெட்டியைத் திறந்து பதக்கங்களைப் பாருங்கள். சமர் சேவா ஸ்டார் இருந்தால் அவர் 1965 போர்க்களத்தில் இருந்தவர். பூர்வி ஸ்டார் என்றால் 1971இல் கிழக்கே, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கே. சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய டிரேட், யூனிட் எல்லாம் இருக்கும். பழைய பேப்பர் என்று கடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகப் போர்களில் போய்த் திரும்பாதவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடலாம். இணையத்தில் யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. பலருக்குத் தந்தை பெயரும் மாவட்டமும் போட்டிருக்கிறார்கள். திருச்சினாப்பள்ளி என்று அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா கேட்டபடி எழுதியிருப்பார், ஆகவே நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். பர்மாவில் கல்லறை தெரியாமல் போனவர்களுக்காக யாங்கோன் பக்கத்தில் டாவ்க்யானில் எழுப்பிய நினைவுத் தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறித்திருக்கின்றன, சிக்னல் படையினர் உட்பட. காந்தி மார்க்கெட் கல்லில் கிடைக்காத பெயர் அங்கே கிடைக்கலாம்.

நம் ஊர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினருக்கும் இந்த மடல் வழியாக ஒரு வேண்டுகோள். தூய வளனார், பிஷப் ஹீபர், தேசியக் கல்லூரி, ஜமால் முகமது என்று பெயர்பெற்ற கல்லூரிகள் நிறைந்த ஊர் இது. ஒரு பருவத்துக்கு இருபது மாணவர்கள் ஆளுக்கொரு முன்னாள் படைவீரரைப் பேட்டி கண்டு தமிழிலேயே எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று வருடத்தில் நல்ல தொகுப்பு ஒன்று சேரும். கலெக்டர் அலுவலகத்தைச் சார்ந்த முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆட்களை அணுகலாம். டிசம்பர் 7 கொடிநாள் அன்று உண்டியல் குலுக்குவதோடு இதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள முடியும்.

வீட்டில் ஒரு தகவலும் மிஞ்சவில்லை என்றாலும் வழி அடைந்துவிடவில்லை. ஜபல்பூரில் சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் இருக்கிறது, பிரிவின் அருங்காட்சியகமும் அங்கேயே. குடும்பத்தார் என்று சான்று காட்டி எழுதிக் கேட்கலாம். சர்வீஸ் நம்பர் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் எழுதினால் அதே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். பென்ஷன் புத்தகத்திலோ பதக்க விளிம்பிலோ பெட்டி மூடியில் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய வரியிலோ அந்த நம்பர் இருக்கும். அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடி எடுத்து ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரர் ஒருவர்